ஒரு குருகும் ஐந்து அடியும்: குறுந்தொகை 25 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்பாட்டு ஒன்றைக் கையில் கொடுத்து "இதன் வடிவத்தையும் பொருளையும் ஆராய்க" என்றால் பலர் பொருளை ஒரு பத்தியில் எழுதிவிட்டு, அப்புறம் "இது நேரிசை ஆசிரியப்பா" என்று பாவகையைச் சொல்லும் ஒரு வரி சேர்த்து முடித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒட்டாமல் தனித்தனியே கிடக்கும். என்னிடம் வந்த கேள்விகளில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தவை. எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டை வைத்தே அவற்றுக்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

எந்தப் பாட்டு? முழுவதும் தர முடியுமா?

சங்க இலக்கியத்தின் காதல் பாட்டுத் தொகுப்பான குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. பாடியவர் கபிலர். திணை குறிஞ்சி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் அடங்கியவை. இது ஐந்தே அடி. முதலில் பொருள் தேட வேண்டாம். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான்காவது அடிக்கு வரும்போது நாக்கு ஓர் இடத்தில் தட்டும். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

யார் யாரிடம் சொல்கிறார்கள்?

தலைவி தோழியிடம் சொல்கிறாள். இருவரும் ஊருக்குத் தெரியாமல் கூடிவிட்டார்கள். மணப்பேன் என்று வாக்குக் கொடுத்தவன் நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறான். பழைய இலக்கண மொழியில் இதை "வரைவு நீட்டித்தல்" என்பார்கள். வரைவு என்றால் திருமணம்.

இருவருக்கும் பெயர் கிடையாது. காதலைப் பாடும் அகப்பாட்டில் "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்" என்பது தொல்காப்பியம். கபிலர் பாரியின் நண்பர், பறம்பு மலையைப் பாடியவர் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் இந்தப் பாட்டைத் திறக்க அந்தச் செய்திகள் தேவைப்படவில்லை.

சொல்லுக்குச் சொல் பொருள் என்ன?

அன்று அங்கே வேறு யாரும் இல்லை. கள்வனான அவன் மட்டுமே இருந்தான். அவனே அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு, தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களை உடைய ஒரு குருகும் (கொக்கு வகை நீர்ப்பறவை) அங்கே இருந்தது, அவன் என்னைக் கூடிய அந்த நாளில்.

"செய்கோ" என்றால் செய்வேனோ. "ஞான்று" என்றால் நாள், பொழுது. "அன்ன" உவம உருபு. "ஒழுகுநீர்" என்பது ஓடிக்கொண்டிருக்கும் நீர். அகராதி தேட வேண்டிய இடங்கள் இவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாட்டில் யாரும், இல்லை, தானே, கள்வன் என்ற நான்கு சொல்லும் இன்றைக்கும் அப்படியே புழக்கத்தில் இருப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

"பொய்ப்பின்" என்றால் "பொய் சொன்னால்" தானே?

அதுவும் சரி, ஆனால் அந்தச் சொல் அதைவிடக் கொஞ்சம் அகலமானது. இன்றும் கிராமத்தில் "மழை பொய்த்துப் போச்சு" என்கிறோம். மழை பொய் சொல்லவில்லை, வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. பட்டினப்பாலையிலும் "வான் பொய்ப்பினும் தான் பொய்யா" என்று காவிரியைப் புகழும்போது இதே வினைதான் வருகிறது. ஆக, தலைவியின் பயம் அவன் வாயால் சொல்லப்போகும் ஒரு பொய்யைப் பற்றியது மட்டும் அன்று. வரவேண்டியவன் வராமலே போய்விடுவானோ என்ற பயமும் அதற்குள் இருக்கிறது.

அப்புறம் "அது" என்ற சொல்லைக் கவனியுங்கள். எது? அவன் கொடுத்த வாக்கு. அதை வாய்விட்டுச் சொல்லக்கூட அவளால் முடியவில்லை. தோழிக்குத் தெரியும், அது போதும். "பொய்த்தால்" என்று நிபந்தனையாகத்தான் சொல்கிறாள், "பொய்த்தான்" என்று சொல்லவில்லை. இன்னும் நம்புகிறாள்.

ஒரே ஒரு கொக்கு வருவதற்காக இதை இயற்கைக் கவிதை என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஐந்து அடியில் இரண்டரை அடி அந்தக் குருகுக்கே போயிருக்கிறது. இருவர் கூடியதைச் சொல்ல "தான் மணந்த ஞான்றே" என்ற மூன்று சொல்தான். கூடிய இடம் எது, அவன் என்ன சொன்னான், அவன் எப்படி இருந்தான், எதுவும் இல்லை. கால், தாள், நீர், மீன், பார்வை, இவைதான் இருக்கின்றன.

தொல்காப்பியம் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வைக்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அங்கே வாழும் பறவை, விலங்கு, மரம், உணவு போன்றவை. உரி என்பது மனித ஒழுக்கம், குறிஞ்சிக்கு அது புணர்தல். இந்தப் பாட்டில் உரிப்பொருளின் பாரம் முழுவதையும் கருப்பொருளே சுமக்கிறது. அவள் தன் நிலையைச் சொல்ல வந்து, கடைசியில் பறவையைத்தான் சொல்லி முடிக்கிறாள்.

யாப்பைப் பிரித்துக் காட்டுங்கள். அதனால் பொருளுக்கு என்ன பயன்?

சரி, அடி அடியாகப் பார்ப்போம். அடியின் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர், சீர் அசைகளால் ஆனது. தனிக் குறிலோ நெடிலோ நின்றால் நேரசை, இரு குறிலோ குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரையசை. (பின்னால் மெய்யெழுத்து ஒட்டினாலும் அசை மாறாது.) தேமா என்றால் நேர் நேர், புளிமா நிரை நேர், கூவிளம் நேர் நிரை, கருவிளம் நிரை நிரை.

யாரும் (தேமா) இல்லைத் (தேமா) தானே (தேமா) கள்வன் (தேமா)
தானது (கூவிளம்) பொய்ப்பின் (தேமா) யானெவன் (கூவிளம்) செய்கோ (தேமா)
தினைத்தாள் (புளிமா) அன்ன (தேமா) சிறுபசுங் (கருவிளம்) கால (தேமா)
ஒழுகுநீர் (கருவிளம்) ஆரல் (தேமா) பார்க்கும் (தேமா)
குருகும் (புளிமா) உண்டுதான் (கூவிளம்) மணந்த (புளிமா) ஞான்றே (தேமா)

முதல் அடியில் நான்கு சீரும் தேமா. நேர் நேர், நேர் நேர், நேர் நேர், நேர் நேர் என்று தரையில் ஊன்றி ஊன்றி நடக்கிற ஓசை. தோழிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறாள். இரண்டாவது அடி கூவிளம், தேமா, கூவிளம், தேமா என்று ஊசலாடுகிறது. "அவன் பொய்த்தால்" ஒரு பக்கம், "நான் என்ன செய்வேன்" மறு பக்கம்.

இப்போது அடிகளின் முதல் அசையை மட்டும் பாருங்கள். முதல் இரண்டு அடியும் நேரசையில் தொடங்குகின்றன: யா, தா. குருகு வரும் மூன்று அடியும் நிரையசையில் தொடங்குகின்றன: தினை, ஒழு, குரு. மனிதப் பேச்சு நெடில் ஊன்றித் தொடங்குகிறது, பறவையும் நீரும் வந்ததும் ஓசை குறுகி ஓடுகிறது. கபிலர் இதை எண்ணிச் செய்தாரா, காதே செய்ததா என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படவில்லை. பாட்டில் இருக்கிறது, வாய்விட்டுப் படித்தால் கேட்கிறது.

நேரிசை ஆசிரியப்பா என்றாலே ஈற்றயலடி முச்சீர்தானே? அதில் என்ன சிறப்பு?

மிகச் சரியான கேள்வி. கடைசி அடிக்கு முந்தைய அடி மூன்று சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். நூற்றுக்கணக்கான சங்கப் பாட்டுகளில் அப்படியே வருகிறது. ஆகவே "ஒரு சீரைக் குறைத்தார், என்ன புதுமை" என்று எழுதினால் அது தவறு.

ஆனால் அந்தக் குறைந்த அடியில் எதை வைப்பது என்பது புலவர் கையில் இருக்கிறது. இங்கே வைத்தது "ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்". நான்கு சீருக்குப் பழகிய காது நான்காவதுக்குக் காத்திருக்கிறது, வரவில்லை. "பார்க்கும்" என்ற சொல்லிலேயே அடி நின்றுவிடுகிறது. யார் பார்ப்பது? இன்னும் தெரியாது. மூன்றாவது அடியில் கால் வந்தது, நான்காவதில் பார்வை வந்தது, பறவையின் பெயர் மட்டும் வரவே இல்லை. அந்த இடைவெளியைத் தாண்டித்தான் "குருகும் உண்டு" என்று பெயர் விழுகிறது. நீருக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிற ஒன்று முதலில் கால்களாகத் தெரிந்து, பிறகே பறவை என்று புரிவதைப் போல. நாக்கு தட்டும் என்று முதலில் சொன்னேனே, அந்த இடம் இதுதான்.

எதுகை, மோனை உண்டா?

அடிதோறும் எதுகை கோத்த பாட்டு இல்லை. இரண்டாவது அடிக்குள் தானது, யானெவன் என்று முதல் சீரும் மூன்றாம் சீரும் னகர ஓசையால் கைகோக்கின்றன. அவனைக் குறிக்கும் சொல்லும் அவளைக் குறிக்கும் சொல்லும் என்பதால் அது எனக்குப் பிடிக்கும். கடைசி இரண்டு அடியில் ஒழுகு, குருகு என்ற ஒலி ஒற்றுமை இருக்கிறது. ஆசிரியப்பாவுக்கு எதுகையைத் தேடித் தேடிப் பட்டியல் போடுவது அவ்வளவு பயன் தராது. இந்தப் பாட்டில் அதைவிட வலுவானது சொல் திரும்ப வருவது.

எந்தச் சொல் திரும்ப வருகிறது?

"தான்." தானே, தானது, தான் மணந்த. மூன்று முறை. மூன்றும் அவன். இருந்தவன் தான், பொய்க்கக்கூடியவன் தான், கூடியவன் தான். "யான்" ஒரே ஒரு முறை, அதுவும் "எவன் செய்கோ" என்ற கையறு நிலையில். சொற்களை எண்ணினாலே இருவருக்கும் இடையே அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அவளுடைய வாழ்க்கை அவனுடைய வாய்ச்சொல்லில் தொங்குகிறது என்று அவள் எங்கும் சொல்லவில்லை, இந்த மூன்று "தான்" சொல்லிவிடுகின்றன.

இன்னொரு சின்ன எழுத்துக்கூட்டம் "உம்". "யாரும் இல்லை" என்று தொடங்கி "குருகும் உண்டு" என்று வருகிறாள். இல்லை என்றவளே உண்டு என்கிறாள். யாரும் என்பதில் உள்ள உம் எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது. குருகும் என்பதில் உள்ள உம் கதவைக் கொஞ்சமாகத் திறக்கிறது. இதை இழிவு சிறப்பும்மையாகக் கொள்ளலாம்: சாட்சி என்று சொல்லிக்கொள்ள ஒரு குருகுதான் இருந்தது என்ற இரக்கம். எச்சவும்மையாகக் கொண்டால், அவனோடு கூட ஒரு குருகும் இருந்தது என்ற நம்பிக்கையின் நூலிழை. நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். "இதற்கு என்ன உம்மை, ஒரே விடை சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம், ஒன்றைத் தேர்ந்தால் மற்றது இழப்பு என்றுதான் சொல்வேன்.

குருகு எந்தப் பறவை? அதன் கால் ஏன் தினைத்தாள் மாதிரி?

குருகு என்பது சங்கப் பாட்டில் கொக்கு, நாரை வகை நீர்ப்பறவைகளுக்குப் பொதுவாக வரும் சொல். இந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மடையான்தான் கண்ணில் நிற்கிறது. குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள், ஆள் பக்கத்தில் போகும்வரை அசையாமல் நிற்பதால் வந்த பெயர். அதன் கால் மங்கலான பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். ஒருநாள் வாய்க்கால் கரையில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோரைக்கும் அதன் காலுக்கும் வேறுபாடே தெரியவில்லை. முதுகின் பழுப்பு சேற்றோடு கலந்துவிட்டது. நான் ஓர் அடி எடுத்து வைத்ததும் எழுந்து பறந்தது, அப்போதுதான் இறக்கை அத்தனை வெள்ளை என்று தெரிந்தது. "சிறுபசுங் கால" என்ற சொல் எவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

தினையின் தண்டு மெலிசு, பசுமை, இடையில் கணு. கொக்கின் காலிலும் நடுவே ஒரு மூட்டு கணுப் போல் புடைத்திருக்கும். நிறம், பருமன், கணு மூன்றும் பொருந்துகின்றன. தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருக்கும் மலைநாட்டுப் பெண்ணுக்கு எந்த மெல்லிய பச்சைக் கம்பைப் பார்த்தாலும் தினைத்தாள்தான் நினைவு வரும். உவமையே பேசுகிறவள் யார் என்று காட்டிவிடுகிறது.

ஏன் அலகைச் சொல்லவில்லை, இறக்கையைச் சொல்லவில்லை? என் வாசிப்பு இது: அந்த நேரத்தில் அவள் கண் தாழ்ந்திருந்தது. நாணத்தில் குனிந்தவளுக்கு நீரும் நீருக்குள் நிற்கும் காலும்தான் தெரியும். பாட்டு அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கால் என்ற ஒரு விவரம் மட்டும் இத்தனை நுணுக்கமாக மனதில் தங்கியதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆரல் மீனை ஏன் குறிப்பாகச் சொல்ல வேண்டும்? "மீன்" என்றால் போதாதா?

போதாது. ஆரல் சின்ன விலாங்கு போல நீண்டு வழுவழுப்பாக இருக்கும். மணலிலும் சேற்றிலும் புதைந்து கிடக்கும், மூக்கு நுனி மட்டும் வெளியே தெரியும். அதைப் பிடிக்க நிற்கிற பறவை கண்ணை ஒரு நொடி கூட வேறு பக்கம் திருப்ப முடியாது. நீர் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே இருந்த ஒரே சாட்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆரலைப் பார்த்தது, இவர்களைப் பார்க்கவில்லை. பாட்டின் வலி முழுவதும் "பார்க்கும்" என்ற அந்த ஒரு வினையில் இருக்கிறது. கண்ணால் கண்டவரைத்தானே சாட்சி என்கிறோம்? கண் இருந்தும், பார்வை இருந்தும், அங்கேயே நின்றும், கண்டதாகச் சொல்ல முடியாத சாட்சி. காலத்தையும் பாருங்கள்: "மணந்த" என்பது இறந்தகாலம், முடிந்துபோனது. "பார்க்கும்" என்பது காலத்துக்குக் கட்டுப்படாத எச்சம். அந்தக் குருகு இன்னும் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

குருகு தலைவனையும் ஆரல் தலைவியையும் குறிக்கிறது என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் சமன்பாடு போல எழுத வேண்டாம். அமைதியாக நின்று, நேரம் பார்த்துக் கொத்திக்கொண்டு போகும் பறவையும், முதல் அடியிலேயே "கள்வன்" என்று பெயர் வாங்கியவனும் ஒருவரையொருவர் நினைவூட்டாமல் இருக்க முடியாது. கருப்பொருள் வழியே இப்படிக் குறிப்பாக இன்னொரு பொருள் தோன்றுவதை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணம் பேசுகிறது. இங்கே எனக்கு இறைச்சி என்று சொல்வதே பொருத்தமாகத் தெரிகிறது. உள்ளுறையில் ஒவ்வொரு பகுதியும் உவமை போல ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். இங்கே அப்படி அடுக்கினால் "குருகும் உண்டு" என்பது உடைந்துவிடும், ஏனென்றால் அவள் குருகை அவனோடு கூட இருந்த வேறோர் உயிராகச் சொல்கிறாள். கொத்திப் போகும் கொக்கின் நினைவு பாட்டுக்குப் பின்னால் நிழலாக நின்றால் போதும்.

மலையே வரவில்லை, கொக்கு நீர்நிலைப் பறவை. பிறகு எப்படிக் குறிஞ்சி?

தினை என்ற ஒரு சொல் மலைநிலத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. உரிப்பொருள் புணர்தல், அதுவும் குறிஞ்சிக்கு உரியது. வயலிலும் கழியிலும் நிற்கிற குருகு இங்கே வரலாமா என்றால், அதற்கும் தொல்காப்பியம் இடம் வைத்திருக்கிறது: "எந்நில மருங்கின் பூவும் புள்ளும்" வேறு நிலத்தில் வந்தால் வந்த நிலத்தின் பயனையே தரும். திணை என்பது ஊர் எல்லைக்கல் போன்றது என்று நினைப்பவர்கள் இந்த நூற்பாவை ஒருமுறை படிக்க வேண்டும்.

"கள்வன்" என்று சொல்வதால் அவனைத் திட்டுகிறாளா?

கோபமும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. ஊரறியாத காதலுக்கு இலக்கணம் வைத்த பெயரே களவு. களவில் வந்தவன் கள்வன். அன்பில் சொன்னாலும் அதே சொல்தான், ஏமாற்றத்தில் சொன்னாலும் அதே சொல்தான். அவளுக்கே இன்னும் எது என்று தெரியாத நேரத்தில் அந்தச் சொல் வாயில் வருகிறது.

தொல்காப்பியத்தின் கற்பியலில் "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்று ஒரு நூற்பா. கரணம் என்பது மணச்சடங்கு. பொய்யும் தவறும் வந்த பிறகே பெரியவர்கள் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்பது பொருள். சடங்கு என்றால் நான்கு பேர் பார்க்க நடப்பது, சாட்சி உள்ளது. "தானது பொய்ப்பின்" என்ற அவளுடைய கேள்வியை இந்த நூற்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு சமூகத்தின் பழைய கவலை முழுவதும் ஒரு பெண்ணின் தொண்டையில் வந்து நிற்பது தெரியும்.

ஹைக்கூ மாதிரி இருக்கிறதே?

சுருக்கமும் ஒற்றைக் காட்சியும் ஒன்று போலத் தெரியும். ஆனால் இந்தப் பாட்டில் பேசுகிறவள் உண்டு, கேட்கிறவள் உண்டு, இருவருக்கும் இடையே ஒரு வழக்கு உண்டு. குருகு அந்த வழக்குக்குள் நிற்கிறது. தனிக் காட்சியாக வெட்டி எடுத்தால் அது வெறும் கொக்கு.

தேர்வில் எழுத எங்கிருந்து தொடங்குவது?

பாட்டிலேயே உங்களைத் தடுத்து நிறுத்திய ஒரு சொல்லிலிருந்து. அது "பார்க்கும்" ஆக இருக்கலாம், "தான்" ஆக இருக்கலாம். அந்தச் சொல் எந்த அடியில், எந்தச் சீரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்போது யாப்பும் பொருளும் தானாகவே ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடும். திணை, துறை, புலவர் வரலாறு பின்னால் வரட்டும். "இயற்கையோடு இயைந்த வாழ்வு" என்ற தொடரை மட்டும் எழுதாதீர்கள். இந்தக் குருகு யாரோடும் இயையவில்லை, அதற்குப் பசி, அது மீனைப் பார்க்கிறது.

எப்படி வாய்விட்டுப் படிப்பது?

முதல் இரண்டு அடியைத் தோழிக்குச் சொல்வது போல மெதுவாக. "செய்கோ" என்ற இடத்தில் பதிலுக்குக் காத்திருங்கள், தோழி எதுவும் சொல்லமாட்டாள். மூன்றாவது அடியில் குரல் தணியட்டும், இப்போது நினைவு வருகிறது. "ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஒரு சீர் அளவுக்கு. அப்புறம் "குருகும் உண்டு."